ஆஸ்பத்திரியில் எடுத்த நைட்டிகள்

எங்கள் கல்லூரி வாசலிலிருந்து கடைவீதிப் பக்கம் நடந்தால், ராஜ வீதி திரும்புகிற முனையில் அந்தக் கட்டடம் வரும். ஒருவர் அதை என்ன பெயர் சொல்லிக் கேட்கிறார் என்பதை வைத்தே அவருடைய வயதைக் கண்டுபிடித்துவிடலாம். தலை நரைத்த ஆட்டோக்காரருக்கு அது பழைய ஆஸ்பத்திரி. என் வயதுப் பெண்களுக்கு ஹாஸ்டல். இப்போது கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஜவுளிக்கடை. என் அம்மா மட்டும் ஆஸ்பத்திரியைத் தாண்டி வரவே இல்லை. "இந்தத் தீபாவளிக்கும் ஆஸ்பத்திரியிலயே துணி எடுத்துருவோம்" என்று பஸ்ஸில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்வாள். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

என் அண்ணன் பிறந்தது அங்கேதான். பிறந்த மறுநாள் இறந்ததும் அங்கேதான். அவனை அந்தக் காம்பவுண்டுக்குள்ளேயே புதைத்திருந்தார்கள்.

சமஸ்தான காலத்தில் வெளியூர் துரைமார் வந்து தங்குவதற்காகக் கட்டியது என்று சொல்வார்கள். முன்பக்கம் வளைவு வளைவாக வாசல்கள், அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் கூரை, மரப்படி, கதவுகளுக்கு மேலே சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி. சமஸ்தானம் போனதும் துரைமாரும் போய்விட்டார்கள். கட்டடம் ஒரு குடும்பத்தின் கைக்கு வந்தது, அவர்கள் அதைப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு வாடகைக்கு விட்டார்கள். துரைமார் சீட்டாடிய கூடத்தில் இரும்புக் கட்டில்களைப் போட்டு, சுற்றுவட்டாரப் பெண்கள் எல்லாரும் பிள்ளை பெற்றார்கள்.

எங்கள் ஊர் மீமிசலுக்கு இந்தப் பக்கம். வயலை நம்பிப் பிழைக்கிற குடும்பம். அம்மாவுக்கு முதல் பிரசவம் வீட்டில் ஆகவில்லை. அறந்தாங்கியிலும் கையை விரித்துவிட்டார்கள். நெல் மூட்டை ஏற்றிய லாரியில் அவளைப் படுக்க வைத்துப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவந்தார் அப்பா. அடைமழைக் காலம். ஆண் பிள்ளை பிறந்தது. மறுநாள் மத்தியானம் மூச்சு நின்றுவிட்டது. அம்மா காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். கண் விழித்துப் பக்கத்தில் தடவிப் பார்த்தபோது வெறும் துணிதான் இருந்ததாம்.

எங்கள் பக்கத்தில் தலைச்சன் ஆண் பிள்ளை இறந்துபோனால் துக்கத்தோடு ஒரு பயமும் வந்து ஒட்டிக்கொள்ளும். புதைத்த இடம் தெரிந்தால் மந்திரவாதி தோண்டி எடுத்து, மண்டை ஓட்டில் மை செய்துவிடுவான் என்பார்கள். சிலர் சொந்தக் கொல்லையில் புதைத்துவிட்டுக் காவல் கிடப்பார்கள். சிலர் இடத்தை யாருக்குமே சொல்லமாட்டார்கள். படித்தவர்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தவள்தான். ஆனால் எங்கள் ஊரில் பகுத்தறிவு பேசிக்கொண்டு திரிந்த வாத்தியார் ஒருவர், தன் பேரனைப் புதைத்த இடத்தைக் கடைசி வரைக்கும் வாய் திறக்கவில்லை.

அப்பாவால் பிள்ளையை ஊருக்குக் கொண்டுபோக முடியவில்லை. வழியில் வெள்ளம், பஸ் ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அங்கேயே அடக்கம் செய்துவிட்டார். அம்மா கேட்டபோது, "பின்னால கெணத்தடி வேப்பமரத்துக்குக் கீழ. ஒனக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியக் கூடாது" என்றார். வார்டின் பின் ஜன்னலிலிருந்து பார்த்தால் மரத்தடியில் கொஞ்சம் மண் மேடாக இருந்தது. மேலே இரண்டு கல் வைத்திருந்தது. வீட்டுக்கு அனுப்பும் வரைக்கும் அம்மா அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை. மண்ணைப் போய்த் தொட்டுப் பார்க்கக்கூட அப்பா விடவில்லை. நாலு பேர் கண்ணில் படும் என்றார்.

அதன் பிறகு பிறந்தவள் நான். வீட்டில் அண்ணனைப் 'பெரியவன்' என்பதோடு சரி. அம்மா மட்டும்தான் சொல்வாள், அதுவும் அப்பா இல்லாத நேரத்தில்.

ஆஸ்பத்திரியைப் புது இடத்துக்கு மாற்றினார்கள். கட்டடம் கல்லூரிப் பெண்களுக்கு விடுதியானது. நான் பள்ளிக்கூடம் முடித்ததும் என்னை எங்கே சேர்ப்பது என்று மாமாக்கள் கூடிப் பேசினார்கள். மாமாக்கள் பேசும் இடத்தில் எப்போதும் காபி டம்ளரோடு வந்து டம்ளரோடு போகிற அம்மா, அன்றைக்கு நின்று சொன்னாள்: "புதுக்கோட்டையில ஆஸ்பத்திரி ஹாஸ்டல்ல சேத்து விடுங்க. வேற எங்கயும் வேணாம்." பிறகு என்னிடம் தனியாக வந்து, "பெரியவன் இருக்கான் அங்கிட்டு. ஒனக்குத் தொணைக்கு" என்றாள். எனக்குத் துணையாகத் தெரியவில்லை.

சேர்க்கிற அன்று அப்பாதான் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து தலையில் வைத்துக்கொண்டு விடுவிடு என்று வந்தவர், எதிர்ச் சாரி டீக்கடை வாசலில் பெட்டியை இறக்கிவிட்டு நின்றுவிட்டார். ரோட்டைத் தாண்ட மாட்டேன் என்றார். நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டு போனோம். பெண் பிள்ளை படிப்பது பிடிக்கவில்லை, வேறென்ன என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தை வெகு காலம் பத்திரமாக வைத்திருந்தேன்.

பார்க்க வருகிறவர்கள் விடுதிக்குள்ளே வரக் கூடாது. முன் வாசல் படிக்கு இடப்பக்கம், குரோட்டன்ஸ் செடி ஓரமாக ஒரு சிமெண்டு பெஞ்சு போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்துதான் பேச வேண்டும். அந்த பெஞ்சிலிருந்து பார்த்தால் நடை வழியாகப் பின்னால் வேப்பமரத்தின் ஒரு கிளை தெரியும். அதனால் அம்மா மாதம் தவறாமல் வந்தாள். அப்பாவும் கூடவே வந்து எதிர்ச் சாரியிலேயே நிற்பார். ஒருதரம் அங்கிருந்தபடியே கத்தினார்: "ஏ, அங்கன உக்காராத! எந்திரிச்சு அங்கிட்டுத் தள்ளி நில்லு!" வார்டன் எட்டிப் பார்த்தார். எனக்கு மானம் போயிற்று. அம்மா அசையவே இல்லை. "அவரு கெடக்காரு" என்று சொல்லிவிட்டுத் தூக்குவாளியைத் திறந்தாள்.

வாளியில் முறுக்கோ அதிரசமோ இருக்கும். "மொதல்ல அவனுக்கு ஒண்ணு வச்சிட்டுத் தின்னு" என்பாள். நான் உள்ளே போய், தோழிகள் துணி காயப்போடுகிற கொடியைக் குனிந்து தாண்டி, வேப்பமரத்தடியில் ஒரு முறுக்கை வைப்பேன். ஓர் அணில் அதற்கென்றே காத்துக்கொண்டிருக்கும். 'உன் அணிலுக்கு மெஸ் பில் யார் கட்டுவது' என்று தோழிகள் ஓட்டுவார்கள். முதலில் பயந்து பயந்துதான் வைத்தேன். பிறகு பழகிவிட்டது. பரீட்சைக் காலத்தில் அவனிடம் ஒன்றிரண்டு கோரிக்கைகள்கூட வைத்திருக்கிறேன். அண்ணன் இருந்தால் தங்கைக்கு இதையாவது செய்யமாட்டானா என்ன?

விடுதியும் கல்லூரி வளாகத்துக்குள் போய்விட்டது. வாரிசுகளுக்குள் தகராறு வந்து கட்டடம் பூட்டிக் கிடந்தது. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்தது. கண்ணாடிகளைக் கல்லெறிந்து உடைத்தார்கள். எனக்கு அதே கல்லூரி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆனது, பிள்ளைகள் படித்து வெளியூர் போனார்கள், வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் என்னோடு வந்து சேர்ந்தார்கள். கடைவீதிக்குப் போகும்போதெல்லாம் அம்மா பூட்டிய கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பாள். மரத்தின் தலை தெரியும். "தழைச்சுத்தான் இருக்கான்" என்பாள்.

பிறகு ஜவுளிக்கடைக்காரர் வாங்கினார். முன் வாசல் படியை இடித்துக் கிரானைட் படி கட்டினார்கள், கண்ணாடி மாட்டினார்கள், லிப்ட் வைத்தார்கள். வளைவுகளில் பாதியைப் போர்டு மறைத்தது. பழைய கட்டடம் போயிற்றே என்று எங்கள் கல்லூரிப் பேராசிரியர்கள் டீ குடித்தபடி வருத்தப்பட்டார்கள். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "கடைன்னா யாரு வேணாலும் உள்ள போகலாம்ல?" என்று கேட்டாள்.

போனாள். அவள் படுத்திருந்த வார்டு இருந்த இடத்தில் இப்போது நைட்டி செக்‌ஷன். ஜன்னலை மட்டும் என்ன காரணமோ அடைக்காமல் விட்டிருந்தார்கள். அதன் பக்கத்தில் நின்றால் கீழே வேப்பமரம் முழுசாகத் தெரியும். அம்மா நிற்பாள். கடைப் பெண்கள் சும்மா விடுவார்களா? "அம்மா, நைட்டி பாக்குறீங்களா? எந்த சைஸுங்க?" என்று நாலைந்தை விரித்துப் போடுவார்கள். பேசாமல் திரும்பினால் தப்பாக நினைப்பார்கள் என்று அம்மா ஒன்றை எடுத்துவிடுவாள். வாழ்நாளில் சேலையைத் தவிர வேறு உடுத்தாதவள். பீரோவில் பூப்போட்ட நைட்டிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. எதுவும் எனக்கு அளவில்லை, எல்லாம் அம்மா அளவு. இருந்தாலும் நான்தான் உடுத்தினேன். கெண்டைக்காலுக்கு மேலே நிற்கிற நைட்டியோடு நான் கோலம் போடுவதை எங்கள் தெரு பல வருடம் பார்த்திருக்கிறது.

அப்பா அப்போதும் டீக்கடையோடு சரி. கடைக்குள் ஒரு நாளும் வந்ததில்லை.

போன கோடையில் அம்மாவுக்கு அந்த ஜன்னலில் கிடைத்த செய்திதான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. மரத்தை வெட்டி, கிணற்றைத் தூர்த்து, பின்பக்கத்தைத் தோண்டி வண்டி நிறுத்துமிடம் கட்டப் போகிறார்கள் என்று கடைப் பெண் சொல்லியிருக்கிறாள். அம்மா அன்றைக்கு நைட்டி வாங்காமல் வந்தாள். சாப்பிடவில்லை. பொழுது சாயும் நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு பிடி மண்ணு எடுத்துக் குடுத்துரு. நம்ம வயல்ல கொண்டுபோயிப் போட்டுர்றேன். ஒரு தடவையாச்சும் அவன் கெடந்த எடத்தத் தொட்டுப் பாத்துர்றேன். அவ்வளவுதான், வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

உண்மையில் அவள் என்னிடம் வேறெதுவும் கேட்டதில்லை.

கடை மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். சின்ன வயது. நான் சொல்லச் சொல்ல அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வாங்க மேடம், காலையில கடை தெறக்குறதுக்கு முன்னாடி வாங்க. சூடம் மட்டும் கொளுத்த வேணாங்க, அலாரம் அடிச்சிரும்" என்றார். அம்மா சின்னப் பித்தளைச் செம்பில் பால் எடுத்துக்கொண்டாள். ஒரு துண்டு மஞ்சள் துணி. வெறும் வயிற்றோடு, ஈரத் தலையோடு, கதவருகே நின்றாள். நான் ஆட்டோவுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தேன்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா, தரையைப் பார்த்தபடி, "அங்கிட்டு இல்ல" என்றார்.

"எது எங்கிட்டு இல்ல?" என்றேன். எனக்கு அவசரம்.

"பிள்ள. வேப்பமரத்தடியில இல்லத்தா."

அப்பா பேசப் பேச நாங்கள் இருவரும் நின்றபடியே கேட்டோம். பின்பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத இடம், சுவரும் உயரமில்லை, மந்திரவாதி தாண்டிக் குதித்துவிடுவான் என்று பயந்திருக்கிறார். முன் வாசல் படிக்கு இடப்பக்கம் வாட்ச்மேன் ஸ்டூல் போட்டு உட்காருவார். விடிய விடிய அங்கே விளக்கு எரியும். அங்கே எவனும் கை வைக்க முடியாது. கொட்டுகிற மழையில் வாசலில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, செடி நடுகிற மாதிரி குழி தோண்டி, பிள்ளையை வைத்து, மேலே ஒரு குரோட்டன்ஸ் செடியையும் நட்டுவிட்டார்கள். வேப்பமரத்தடியில் மண்ணைக் கூட்டிக் கல் வைத்தது ஊரை ஏமாற்ற.

"ஊர ஏமாத்துனீங்க சரி, என்னைய எதுக்கு?" என்றாள் அம்மா.

"பெத்தவ கண்ணு அங்கயேதான் போயி நிக்கும். பாக்குறவன் கண்டுக்கிருவான்."

"அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீ அந்த மரத்தப் பாத்துப் பாத்துத் தேறிக்கிட்ட. அதக் கெடுக்க மனசு வரல."

எனக்கு அந்தச் சிமெண்டு பெஞ்சு நினைவுக்கு வந்தது. மாதம் தவறாமல் அம்மா அதில் உட்கார்ந்து, காலடியில் இருந்தவனை விட்டுவிட்டு, நடை வழியாக எட்டி எட்டி மரத்தைப் பார்த்திருக்கிறாள். அப்பா எதிர்ச் சாரியில் நின்று கத்தியதும் நினைவுக்கு வந்தது. கால் படுகிறதே என்று கத்தியிருக்கிறார். ரோட்டைத் தாண்டி வந்து மிதிக்க அவருக்குக் கால் வரவில்லை. இவரைப் படிப்பு பிடிக்காத மனுஷன் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

"அப்ப அந்தப் படிக்கட்டுக்கிட்டதான இருக்கான்? வாங்க, அங்க போவோம்" என்று அம்மா செம்பை எடுத்தாள்.

"அங்கயும் இல்ல" என்றார் அப்பா.

கிரானைட் படி கட்டுவதற்காக முன்பக்கத்தை ஆழமாகத் தோண்டியபோது, அவர் டீக்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். செடியைப் பிடுங்கி எறிந்தார்கள். மண்ணை டிப்பரில் ஏற்றினார்கள். டிரைவரிடம் போய், "இந்த மண்ணு எங்கப்பா போவுது?" என்று கேட்டாராம். திருமயம் ரோட்டில் புதுசாகப் பிளாட் போடுகிறார்கள், பள்ளத்தில் கொட்டப் போகிறோம் என்றிருக்கிறான். நானும் வாரேன் என்று ஏறிக்கொண்டாராம். கிறுக்குப் பிடித்த கிழவன் என்று நினைத்து அவனும் ஏற்றிக்கொண்டான். கொட்டி முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. வேட்டியெல்லாம் செம்மண்ணோடு வந்தார். பேங்குக்குப் போகிற வழியில் விழுந்துவிட்டேன் என்றார். கண் தெரியாமல் எதற்கு அலைகிறீர்கள் என்று அம்மா அவரைத் திட்டிக்கொண்டே அந்த வேட்டியை அலசினாள்.

"அப்ப நான் இம்புட்டு வருசமா யாரப் பாத்து அழுதேன்?" என்று கேட்டாள் அம்மா. அவள் அடுப்படிக்குப் போய்ச் செம்பிலிருந்த பாலைக் கொட்டிவிட்டு, ஈரத் தலையோடு படுத்துக்கொண்டாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. "அந்த மந்திரவாதிகூட இப்படிப் பண்ணியிருக்க மாட்டான்" என்று அப்பாவிடம் கத்தினேன். அவர் தலையை ஆட்டினார், சரிதான் என்பது போல.

அம்மா அவரோடு பேசுவதை விட்டுவிட்டாள். "ஒங்கப்பாவச் சாப்புடச் சொல்லு" என்று எனக்குச் சொல்வாள், அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். வேப்பமரத்தை வெட்டினார்கள். கிளைகளை ஏற்றிக்கொண்டு போன வண்டியை நான் அலுவலக வாசலிலிருந்து பார்த்தேன். வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அது வெறும் மரந்தான?" என்றாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்கவில்லை. பீரோவைத் திறந்து, பிரிக்காமல் இருந்த நைட்டிகளை எடுத்து வேலைக்கு வரும் பெண்ணிடம் கொடுத்தாள்.

ஒருநாள் காலை, செருப்பை மாட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, அப்பாவின் நாற்காலிக்கு நேராக வந்து நின்றாள். "எந்திரிங்க. அந்த எடத்தக் காட்டுங்க."

மூன்று பேரும் திருமயம் பஸ்ஸில் போனோம். வழியில் இறங்கி உள்ளே நடந்தால் ஒரே மாதிரி தெருக்கள், ஒரே மாதிரி வீடுகள். அப்பா ஒரு தண்ணீர்த் தொட்டியை அடையாளம் வைத்திருந்தார். அதன் பக்கத்தில் இன்னொரு தொட்டி கட்டியிருந்தார்கள். இங்கிட்டும் அங்கிட்டுமாக நடந்து, கடைசியில் இளம்பச்சைச் சுண்ணாம்பு அடித்த ஒரு வீட்டுக்கு முன்னால் நின்றார். "இங்கனதான் பள்ளம் இருந்துச்சு. இந்த வீடா, அடுத்த வீடான்னு சொல்லத் தெரியல." கேட்டுக்குள் ஒரு சின்ன சைக்கிள் சாய்ந்து கிடந்தது. அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அப்பாவும் கழற்றினார்.

வெயிலில் மூன்று பேர் செருப்பில்லாமல் நிற்பதைப் பார்த்து அந்த வீட்டுப் பெண் வெளியே வந்தாள். என் மகள் வயது இருக்கும். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, மிச்சத்தைக் கேட்டோரம் இருந்த மண்ணில் மெதுவாக ஊற்றினாள். குனிந்து ஈர மண்ணில் உள்ளங்கையை வைத்து, அப்படியே வைத்திருந்தாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

"யாரைங்க தேடி வந்தீங்க?" என்றாள்.

"எம் மகனத்தாம்மா" என்றாள் அம்மா, நிமிராமல்.

"இந்தத் தெருவா? எனக்கு இங்க எல்லாரையும் தெரியும். பேரு சொல்லுங்க."

அம்மா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கிறாள்.

"பேரு வைக்கலம்மா" என்றாள் அம்மா.